பறியைக் கடித்தபடி சிரிக்க முடியாது

ரேவதிக்கு,

நீ பெங்களூருக்குப் போகப்போவதாக உன் அம்மா சொன்னாள். என்னிடம் நேரில் சொல்ல உனக்குத் தயக்கம் என்றும் சொன்னாள். தயங்க வேண்டாம், போ. அதற்கு முன்னால் என் மனத்தில் கிடப்பதை எழுதிவிடுகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். இந்தக் கடிதத்தை நான் ஒட்டி அனுப்பப்போவதில்லை. உன் சிநேகிதி ஜெனி படிக்கட்டும். நீ வேலை செய்த அந்தக் காமெடிக் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களும் படிக்கட்டும். உன் அம்மாவை ஊரெல்லாம் பார்க்கும்படி செய்தவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றி நான் நினைப்பதை ஊர் பார்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

எனக்கு உன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கோபமாக இருந்தால் இந்நேரம் ஆறியிருக்கும். இது வேறு. என் படகில் ஏறுகிற டூரிஸ்ட் யாராவது குடித்துவிட்டு வந்து வாந்தி எடுத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். ஏரித் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக் கழுவுவேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மறுநாள் வெயில் ஏறும்போது எங்கோ ஒரு சந்திலிருந்து அந்த வாடை மெல்ல எழும்பி வரும். இத்தனை மாதமாக எனக்குள் இருப்பது அதுதான். சாப்பிட உட்கார்ந்தால் வருகிறது. யாராவது போனைப் பார்த்துச் சிரித்தால் வருகிறது.

நீ மேடை ஏறியது எனக்குப் பிடிக்கவில்லை என்று நம் தெருவில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். நீ எங்கே எப்படி மேடை ஏறினாய் என்று அவர்களைவிட எனக்குத் தெரியும். புயலுக்காக நம் சனத்தையெல்லாம் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் அடைத்தார்களே, உனக்கு அப்போது பத்து வயதுகூட ஆகியிருக்காது. பெஞ்சுகளை அடுக்கிவிட்டு ஈரத் தரையில் படுத்திருந்தோம். மழை கொஞ்சம் விட்டதும் ஓர் அதிகாரி ரொட்டிப் பாக்கெட்டுகளோடு வந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். கொடுத்தார் என்று சொல்லக்கூடாது, நீட்டினார். வாங்குகிறவர் கை பாக்கெட்டில் பட்ட பிறகும் அவர் விடமாட்டார். பக்கத்தில் இருந்த ஆள் போட்டோ எடுத்து முடித்துத் தலையை ஆட்டிய பிறகுதான் விடுவார். உன் அம்மாவும் அவரும் ஒரு ரொட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கேமராக்காரன், “சார், ஒன் மோர்” என்றான்.

அவர் போன பிறகு நீ எழுந்து நின்றாய். ஒரு காலி பாக்கெட்டை எடுத்து உன் சித்தியிடம் நீட்டினாய். அவள் பிடித்ததும் விடாமல் இழுத்துக்கொண்டு, கழுத்தை மட்டும் திருப்பி, இல்லாத கேமராவைப் பார்த்து இளித்தாய். சித்தி இழுக்க, நீ இழுக்க, அந்த இளிப்பு மட்டும் உன் முகத்தில் அப்படியே இருந்தது. இரண்டு நாளாகப் பல்லைக் காட்டாத சனம் அன்றைக்குத் தரையில் உருண்டு சிரித்தது. வீட்டுக் கூரை பறந்துபோன வயசாளி ஒருவர் இருமி இருமிச் சிரித்தார். அன்றைக்கே எனக்குத் தெரியும், இந்தப் பெண் இறால் தடவப் போகமாட்டாள் என்று. சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு நீ பட்டணத்தில் கல்லூரிக்குப் போனாய். ஒரு காபிக் கடை மாடியில் வாரா வாரம் யார் வேண்டுமானாலும் மைக் பிடித்துப் பேசலாம் என்று அங்கே போக ஆரம்பித்தாய். உன்னைப் போலவே வந்துகொண்டிருந்த ஜெனியை ஒருமுறை வீட்டுக்கு அழைத்து வந்தாய். பெண்ணாகப் பிறக்காமல் பெண்ணாக ஆனவள் என்று நீ முன்கூட்டியே என்னிடம் சொல்லி வைத்திருந்தாய். நான் என்ன செய்துவிடுவேனோ என்று உனக்குப் பயம். உன் அம்மா அவளுக்கு நண்டுக் குழம்பு ஊற்றி, “எலும்பும் தோலுமா கீறியே, உங்க வூட்ல சோறு போட மாட்டாங்களா?” என்று கேட்டாள். “வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்கம்மா, அப்புறம் எங்க சோறு?” என்றாள் ஜெனி. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். உன் அம்மா சிரிக்கவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அதற்குப் பிறகுதான் நிஷாந்த் வந்தான். பெரிய ஹால்களில் காமெடி நிகழ்ச்சி நடத்துகிறவன். இதுவரை மேடை கிடைக்காதவர்களுக்கெல்லாம் மேடை தருகிறேன் என்று புதிதாக ஒன்று ஆரம்பித்திருந்தான். நீ போனில் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். ஏரிப் பக்கத்திலிருந்து இதுவரை ஒருவர்கூட அந்த மேடையில் நின்றதில்லை, நான்தான் முதல் ஆள் என்றாய். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு அந்த நிகழ்ச்சியின் சுவரொட்டியை அனுப்பினாய். அதில் உன் பெயர் ‘நெத்திலி ரேவதி’ என்று இருந்தது. நெத்திலி கடலில் படுகிற மீன். நம் வீட்டில் யாரும் நெத்திலி வலை தொட்டதில்லை. உன் அம்மா ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவள். நான் படகு ஓட்டுகிறவன். நீ படித்தது கணக்கு. இதைச் சொன்னதற்கு நீ, “அவங்களுக்கு அதெல்லாம் ஒண்ணுதான் நைனா. கேட்சியா இருக்கணுமாம்” என்றாய்.

விளம்பரத்துக்குப் படம் எடுக்க அவர்கள் இங்கே வந்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். நான்தான் படகில் ஏற்றி வந்தேன். நிஷாந்த், கேமரா பிடிக்கிற ஒரு பையன், மேக்கப் போடுகிற ஒரு பெண். நீ ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தாய். உன்னை ஒரு பழைய கண்டாங்கிச் சேலைக்கு மாற்றினார்கள். அந்த மாதிரி சேலை நம் தெருவில் யாரும் கட்டி நான் பார்த்ததில்லை. கன்னத்தில் சேறு வேண்டும் என்றான் நிஷாந்த். நம் ஊரில் சேற்றுக்குப் பஞ்சமா? உன் அம்மா குனிந்து ஒரு கை அள்ளினாள். மேக்கப் பெண் மூக்கைச் சுளித்து, “ஐயோ வேணாம் ஆன்ட்டி, ஸ்மெல் வரும்” என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு குப்பியைத் திறந்து, பழுப்பு நிறக் களிம்பு ஒன்றை உன் கன்னத்தில் தடவினாள். சேற்றங்கரையில் நின்றுகொண்டு, காசு கொடுத்து வாங்கிய சேற்றை என் மகள் முகத்தில் பூசுவதைப் படகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவன் கண் உன் அம்மாவின் பறிமேல் விழுந்தது. பனையோலையில் முடைந்த சின்னப் பை அது. இரண்டு கையும் தண்ணீருக்கடியில் சேற்றைத் தடவும்போது, அதன் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். அகப்பட்ட இறாலை அப்படியே உள்ளே போட வேண்டும். நம் பெண்கள் மணிக்கணக்கில் அப்படித்தான் இருப்பார்கள். தாடை மரத்துப்போகும். அதை விளக்கமாகக் கேட்டுக்கொண்டு நிஷாந்த் சொன்னான். “ஆன்ட்டி, தண்ணிக்குள்ள எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே இங்க கரையில பண்ணுங்க. உள்ள லைட் சரியா வராது.”

“கரையில இன்னாத்தபா தடவுறது? இங்க ஒண்ணும் கெடையாதே.”

“ஜஸ்ட் ஒரு விஷுவல் ஆன்ட்டி. முட்டி போட்டு, அதை வாயில கடிச்சிக்கிட்டு கேமராவைப் பாருங்க. போதும்.”

உன் அம்மா உன்னைப் பார்த்தாள். நீ தலையாட்டினாய். அவள் முட்டி போட்டு, பறியைக் கடித்துக்கொண்டு, வெறும் தரையைத் தடவினாள். “இப்போ அப்படியே சிரிங்க ஆன்ட்டி” என்றான். அவள் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “இத்த கடிச்சிகினு எப்டிபா சிரிக்கிறது? ஒண்ணு கடிக்கலாம், ஒண்ணு சிரிக்கலாம்” என்றாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேமராப் பையன், “செம ஒரிஜினல்” என்றான். உன் அம்மா தான் ஏதோ நகைச்சுவையாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக் கூடவே சிரித்தாள். அவர்கள் சிரித்தது அதற்கில்லை என்று எனக்குத் தெரிந்தது. உனக்கும் தெரிந்திருக்கும். நீயும் சிரித்தாய். பிறகு, “அம்மா, இன்னொரு தடவ. கொஞ்சம் தலையத் தூக்கி” என்றாய்.

அந்த ஒரு வரியை எழுதுவதற்கு எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ரொட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றானே ஒருவன், அவன் பக்கத்தில் நின்ற கேமராக்காரன் பேச்சு உன் வாயில் வந்தது.

நிகழ்ச்சிக்கு எங்களை அழைத்தாய். உன் அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஜெனி எங்களோடு கீழே உட்கார்ந்திருந்தாள். “நீ மேல ஏறலயாம்மா?” என்று கேட்டேன். “அடுத்த மாசம்தான் அங்கிள். ரேவதியும் நானும் ஒரே நாள்ல வந்தா ஆடியன்ஸுக்கு ஹெவியா இருக்குமாம். ஒரு நாளைக்கு ஒருத்தர் போதுமாம்” என்றாள். அன்றைக்கு மேடை ஏறிய மற்ற எல்லோரும் ஒரே மாதிரி ஆண்கள். ஒரே மாதிரி தாடி, ஒரே மாதிரி சட்டை, ஒரே மாதிரி பேச்சு. அவர்கள் ஐந்து பேர் சேர்ந்து வந்தது யாருக்கும் ஹெவியாக இல்லை. அதில் ஒருவன் இடுப்பில் இல்லாத கூடையை வைத்துக்கொண்டு, குரலைக் கீச்சென்று ஏற்றி, மீன் விற்கிற பெண் மாதிரி, “இன்னாமே, இன்னாமே” என்று பத்து நிமிஷம் கத்தினான். அவன் சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை. நம் பேச்சு மட்டும்தான் இருந்தது. அதற்கே ஹால் அதிர்ந்தது. நான் வாயைத் திறந்து பக்கத்து இருக்கைக்காரரிடம், கொஞ்சம் காலை நகர்த்துங்கள் என்று கேட்கவும் கூசினேன். நான் பேசினால் அதுவும் அவருக்குச் சிரிப்பாக இருக்குமோ என்று.

கடைசியாக நீ. நிஷாந்த் மைக்கைப் பிடித்து, “அடுத்து வர்றவங்க நேரா ஏரியிலிருந்து வர்றாங்க. எல்லாரும் மூக்கைப் பிடிச்சிக்கோங்க” என்றான். அத்தனை பேரும் மூக்கைப் பிடித்தார்கள். நல்ல சென்ட் போட்டவர்கள், நல்ல துணி உடுத்தியவர்கள், குழந்தைகளோடு வந்தவர்கள். மூக்கைப் பிடித்தபடி சிரித்தார்கள். உன் அம்மா என் பக்கம் குனிந்து, “இன்னாத்துக்கு எல்லாரும் மூக்க புடிக்கிறாங்க?” என்று கேட்டாள். ஜெனி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நீ வந்து வாடையைப் பற்றிப் பேசினாய். பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காராததைப் பற்றி. அம்மா வாயில் பறி இருக்கும் நேரம்தான் வீட்டில் நிம்மதி என்று. ஹால் சிரித்துத் தீர்த்தது. நடுவில் நீ ஒன்று செய்தாய். தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டி, ரொட்டி அதிகாரியாக மாறினாய். விடாமல் பிடித்துக்கொண்டு கழுத்தைத் திருப்பி இளித்தாய். ஹாலில் ஒரு சத்தமில்லை. யாரோ இருமினார்கள். அந்த அமைதியில் உன் அம்மா மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள், அத்தனை பேருக்கும் கேட்கும்படி. முன்னால் இருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்து முறைத்தாள். மேடையிலிருந்து நீ இருட்டுக்குள் கண்ணை இடுக்கிப் பார்த்தாய். அன்றைக்கு முழுக்க அந்த ஒரு கணம்தான் நீ எனக்கு அடையாளம் தெரிந்தாய்.

முடிந்ததும் உன்னைப் பார்க்க நாங்கள் பின்பக்கம் வந்தோம். கதவருகில் நிற்கும்போதே நிஷாந்த் உன்னிடம் சொல்வது கேட்டது. “அந்த ரொட்டி பிட் எடுத்துடு. அட்வைஸ் மாதிரி இருக்கு. ஸ்மெல்லும் அம்மாவும்தான் உன் ஸ்ட்ரென்த். மும்பைக்கு அதைத்தான் கொண்டுபோறோம்.” நீ சரி என்றாய்.

பஸ்ஸில் திரும்பும்போது உன் அம்மா, “நம்ம பொண்ணு நல்லாத்தான் பேசுது. அவங்க சிரிச்சதுதான் கலீஜா இருந்திச்சி” என்றாள்.

அப்புறம் அந்த வீடியோ வந்தது. உன் அம்மா முட்டி போட்டு, பறியைக் கடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறாள். அதை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் சிரிப்புச் சத்தம் சேர்த்து, ‘சைலன்ட் மோடில் அம்மா’ என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அதைக் காட்டியது என் படகில் வந்த ஒரு டூரிஸ்ட். பூநாரை எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனை நீட்டி, “இவங்க உங்க ஊர்தானாமே, இவங்களப் பாக்க முடியுமா?” என்றார். மோட்டாரை நிறுத்திவிட்டேன். மோட்டார் கெட்டுவிட்டது என்று சொல்லி, கழி போட்டுத் தள்ளிக்கொண்டே கரைக்குத் திரும்பினேன். அந்த ஆளோடு ஏரியைப் பகிர்ந்துகொள்ள எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு நாளில் எல்லார் போனிலும் இருந்தது. இறால் எடை போடுகிற இடத்துக்கு உன் அம்மா போனபோது, ஏலம் கேட்க வந்த ஒருவன் ஒரு பாலிதீன் பையைப் பல்லில் கடித்துக்கொண்டு, முட்டி போட்டு ஊளையிட்டான். எல்லாரும் பார்த்தார்கள். உன் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு அவனை நிதானமாகப் பார்த்தாள். “அத்த எடுக்காத. அப்டியே சாயங்காலம் வரைக்கும் கடிச்சிகினு இரு. ஒரு நாளாவது நீ வாய மூடிகினு வேல செஞ்சன்னா உன் பொண்டாட்டி எனக்கு மால போடுவா” என்றாள். எடைபோடுகிறவன் தராசை விட்டுவிட்டுச் சிரித்தான். ஊளையிட்டவன் பொண்டாட்டியின் தங்கச்சி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், அவள் சிரித்த சிரிப்பில் அவன் பையைத் துப்பிவிட்டுப் போய்விட்டான். உனக்கு அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்களை அந்த ஏலக் கடைக்கு அனுப்ப வேண்டும்.

நான் அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். உன் அம்மா பெருமைப்படவில்லை. சோறு பிசைந்துகொண்டே, “இன்னிக்கு ஜெயிச்சிட்டேன். நாளைக்கு வேற எவனாவது வருவான். தெனம் ஜெயிச்சிகினே இருக்கணுமா நான்? வேலைக்குப் போறதா, இதுக்குப் போறதா?” என்றாள். மறுநாளிலிருந்து பறியை வாயில் கடிக்கவில்லை. கழுத்தில் கயிறு கட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டாள். கை போகிற வேகத்துக்குப் பறி வரவில்லை. அகப்பட்ட இறால் துள்ளிப் போயிற்று. மற்ற பெண்கள் கூடை நிறைய ஏறும்போது அவள் அடிகூட நிறையாத கூடையோடு ஏறி வந்தாள். என் வாழ்நாளில் நான் பார்த்த ஆபாசம் எதுவென்று கேட்டால், அதைத்தான் சொல்வேன். தன் வேலையைச் செய்ய ஒரு பெண் வாயைத் திறந்து பறியைக் கடிக்கக் கூசினாள்.

இதற்கு நடுவில் கடலோரக் குப்பத்திலிருந்து மூன்று பேர் வெள்ளைச் சட்டையோடு வீட்டுக்கு வந்தார்கள். ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்று முறை வைத்துப் பேசுகிற ஆட்கள். அந்தப் பேச்சு நடக்கும் இடத்தில் நம் சனத்துக்கு உட்கார இடம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். அவர்கள் ஒதுக்கியது போக மிச்சம் இருக்கிற சேறுதான் நமக்கு.

“உம் பொண்ணு மீனவப் பொண்ணுனு சொல்லிகினு மேடையில ஆடுதாமே. எங்க சனத்துக்குத்தான் அசிங்கம். அது எப்டி மீனவப் பொண்ணு ஆவும்? நீங்க வல போடுற ஆளுங்களா?” என்றார் பெரியவர்.

“மன்னிப்பு கேட்டு வீடியோ போடச் சொல்லு” என்றார் இன்னொருவர்.

நான் வாயெடுப்பதற்குள் உன் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். “அங்க, நீ மீன்காரினு சொல்லி மூக்க புடிக்கிறாங்க. இங்க, நீ மீன்காரி இல்லனு சொல்லி தொரத்த வரீங்க. அவ இன்னானு அவள ஒரு வார்த்த கேட்டவங்க யாராவது கீறாங்களா?” என்றாள். பெரியவர் என்னைப் பார்த்து, “பொம்பளைய பேசவுட்டுட்டு நீ குந்திகினு கீற” என்றார். நான் எழுந்து வாசலைக் காட்டினேன். உன்னைச் சாக்கு வைத்து அவர்களுடைய மானத்தைக் காப்பாற்ற வந்தார்களாம். மானம் அவர்களுக்கு மட்டும்தான் இருக்கிறது போலும். நிஷாந்தைவிட அவர்கள் எனக்கு மேலாகத் தோன்றவில்லை.

நீ வந்தது அந்த வாரக் கடைசியில். யாரும் உன்னை அழைக்கவில்லை. கரையில் நின்று, உன் அம்மா கழுத்தில் கயிற்றோடு தண்ணீரில் தடுமாறுவதைப் பார்த்தாய். எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து என் எதிரிலேயே போனை எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி வைத்து அவனைக் கூப்பிட்டாய். வீடியோவை எடுக்கச் சொன்னாய்.

“ரேவதி, அது ரெப்ரசென்டேஷன். உங்க அம்மா மாதிரி ஒரு பெண்ணை இதுவரைக்கும் யாரு ஸ்க்ரீன்ல காட்டியிருக்காங்க?”

“என் அம்மா உன் ஸ்க்ரீனுக்கு வரணும்னு எப்ப கேட்டாங்க?”

“நீதானே ஓகே சொன்ன. நீயும்தான் அங்க நின்ன.”

நீ, “ஆமா, நின்னேன். இனிமே நிக்க மாட்டேன். மும்பைக்கு வேற ஆளப் பாத்துக்கோ” என்றாய். அவன் குரலில் வருத்தம்கூட இல்லை. பார்த்துக்கொண்டான். நீயே எனக்குக் காட்டினாய், ஜெனியும் மறுத்த பிறகு வந்த அடுத்த மாதச் சுவரொட்டியை. மலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. கையில் தேனடை ஒன்றைக் கொடுத்து நிற்க வைத்திருக்கிறார்கள். கன்னத்தில் அதே பழுப்புக் களிம்பு. அவளுக்கும் ஒரு பட்டப்பெயர். அந்தப் பெண்ணின் அப்பா அதை எங்கே உட்கார்ந்து பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். உன் அம்மாவின் வீடியோ இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. எடுக்கமாட்டார்கள். அதை நினைத்து நீ தினமும் தேய வேண்டாம்.

அன்றைக்கு நீ உன் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். “எந்திரிடி, சோறு ஆறுது” என்றாள். அவள் மன்னித்தாளா என்று என்னிடம் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை, ரேவதி. அவளைக் கேட்டால், “பொண்ணு இன்னாத்த பண்ணிச்சி?” என்பாள். மறுநாள் காலையில் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினாள். வீரம் காட்டுவதற்காக இல்லை. இறால் போகிறது என்பதற்காக.

இனி நான் சொல்ல வந்தது. உன்னைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி மேடைக்கு அழைக்கிறவன், உன் பேச்சைக் கேட்க அழைக்கிறானா, உன்னைக் காட்ட அழைக்கிறானா என்று பார். காட்ட அழைக்கிறவன் முதலில் உன் பெயரை மாற்றுவான், பிறகு உடையை மாற்றுவான், கடைசியில் உன் வீட்டுக்குள் வந்து இன்னும் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பான். நம்மைப் பற்றிச் சிரிக்காதே என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டில் சிரிப்பதற்கு நிறைய இருக்கிறது. என் குறட்டையைச் சொல். உன் சித்தப்பா டூரிஸ்ட்டிடம் பேசுகிற இங்கிலீஷைச் சொல். உன் அம்மாவையும் சொல், அவளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு சொல். அவளுக்குப் பிடிக்காவிட்டால் அங்கேயே எழுந்து உன்னைக் கேட்பாள். பெங்களூரிலும் ஒரு நிஷாந்த் இருப்பான். தாடி வேறு மாதிரி இருக்கும். அங்கே ஜெனியும் நீயும் ஒரே மேடையில் ஒரே நாளில் நிற்கப்போவதாகச் சொன்னாள் உன் அம்மா. நில்லுங்கள். யாருக்காவது ஹெவியாக இருந்தால் அவர்கள் எழுந்து போகட்டும், கதவு திறந்துதான் இருக்கும்.

போவதற்கு முன்னால் பொன்னேரியில் ஒரு சின்ன மண்டபத்தில் நீங்கள் இரண்டு பேரும் பேசப்போவது தெருவுக்கே தெரிந்துவிட்டது. உன் அம்மா தண்ணீரில் உட்கார்ந்தபடியே எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். பசியாவரம் தீவிலிருந்து அவள் பிறந்த வீட்டுச் சனமும் வருகிறது. நான் படகில் கரை சேர்த்து, அங்கிருந்து வேன் பிடித்துக் கூட்டி வருகிறேன். முதல் இரண்டு வரிசை நாற்காலியை விட்டு வை. நேற்றைக்கு உன் சித்தி வாசலில் நின்று உன் அம்மாவிடம் கவலையாகக் கேட்டாள்.

“அக்கா, எனக்கு சிரிப்பு வரலன்னா இன்னா பண்றது? பொண்ணு மனசு கஷ்டப்படுமே.”

“வரலன்னா சிரிக்காத,” என்றாள் உன் அம்மா. “அவ வூட்டுக்குப் போயி இன்னும் நல்லா யோசிச்சிகினு வரட்டும்.”

உன்
நைனா